மாணவர் கட்டுரையும் வாக்கிய வேறுபாடும்



“என் மாணவர்களின் கட்டுரைகளில் எழுத்துப் பிழை குறைவு. கருத்தும் உண்டு. ஆனாலும் வாசிக்கச் சலிப்பாக இருக்கிறது. ஏன்?” என்று ஆசிரியர் ஒருவர் இந்நிகழ்ச்சிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பல ஆண்டுகள் கொப்பி திருத்தியவன் என்ற முறையில் இக்கேள்வி எனக்கும் பழக்கமானதுதான்.

“எங்கள் ஊர் அழகான ஊராகும். இங்கு ஒரு கோயில் உண்டு. கோயிலுக்கு அருகே ஒரு குளம் உண்டு. குளத்தில் தாமரைகள் உண்டு.” இதில் பிழையென்று எதைக் காட்டுவது? இலக்கணம் சரி, செய்தியும் சரி. ஆனால் எல்லா வாக்கியங்களும் ஒரே அளவில், ஒரே வார்ப்பில் வந்து விழுகின்றன. கோயிலுக்கும் குளத்துக்கும் தாமரைக்கும் ஒரே மதிப்பு. எழுதியவனுக்கு இவற்றுள் எது பிடிக்கும் என்பது தெரியவேயில்லை.

தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். மாணவரும் அவற்றை இனங்கண்டு கோடிட்டுப் புள்ளி பெறுகிறார்கள். ஆனால் அது இலக்கணப் பாடவேளையோடு முடிந்துவிடுகிறது. கட்டுரைப் பாடவேளையில் அந்த அறிவு கொப்பிக்குள் வருவதில்லை. ஆறுமுக நாவலரின் பாலபாடங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். முதற் புத்தகத்தில் சிறு சிறு வாக்கியங்கள். நான்காம் புத்தகத்துக்கு வரும்போது எச்சங்கள் அடுக்கிவரும் நீண்ட வாக்கியங்கள். பிள்ளை வளர வாக்கியமும் வளர்கிறது. நம் மாணவர் பலர் சாதாரண தரத்துக்கு வந்த பின்பும் முதற் புத்தகத்திலேயே நிற்கிறார்கள்.

வகுப்பில் நான் செய்யும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். “மழை பெய்தது. குளம் வான் பாய்ந்தது. நாங்கள் பாடசாலைக்குப் போகவில்லை.” இம்மூன்றையும் கொடுத்து, சொற்களை அதிகம் கூட்டாமல் வேறு விதமாக எழுதச் சொல்வேன். “மழை பெய்து குளம் வான் பாய்ந்ததால் நாங்கள் பாடசாலைக்குப் போகவில்லை” என்று ஒருவர் எழுதுவார். அது அதிபருக்கு எழுதும் கடிதம் போலிருக்கும். “எங்களைப் பாடசாலைக்குப் போகவிடாமற் செய்தது குளந்தான்” என்பார் இன்னொருவர். பழி குளத்தின்மேல் போய்விட்டது! “குளம் மட்டும் வான் பாயாதிருந்தால் போயிருப்போம்” என்பதிலோ ஒரு மனக்குறை ஒலிக்கிறது. செய்தி ஒன்றுதான், பேசுகிறவன் மாறிவிடுகிறான். வாக்கிய வேறுபாடு வெறும் அலங்காரமல்ல என்பதை மாணவர் உணர இது போதும்.

இனி, நானே தவறிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும்.

1997ஆம் ஆண்டு. வவுனியாவில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலோர் சுற்றுலா போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவி, 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவை எழுதியிருந்தாள். அதில் ஒரு வாக்கியம்: “அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, நான் அப்பப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி உருட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, ஓரடி வைத்து நின்று, பின்னும் ஓரடி வைத்து நின்று, விடியும்போது நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம்.” அடுத்தது: “அப்பப்பா இருந்துவிட்டார்.”

நீண்ட வாக்கியம் மாணவரைத் தடுமாற வைக்கும் என்பது அப்போது என் கொள்கை. சிவப்பு மையை எடுத்தேன். “அம்மா தம்பியைத் தூக்கினார். நான் அப்பப்பாவின் கையைப் பிடித்தேன். அப்பா சைக்கிளை உருட்டினார். மழை பெய்தது. விடியும்போது பாலத்தைத் தாண்டினோம்” என்று வெட்டினேன். அடுத்த வாக்கியம் மொட்டையாகப் பட்டது. அதைக் “களைப்பு மிகுதியால் அப்பப்பா பாதையோரத்தில் அமர்ந்துவிட்டார்” என்று நீட்டினேன்.

கொப்பியை வாங்கி வாசித்தவள் சற்றுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “சேர், இதில நாங்கள் கெதியாப் போய்ச் சேர்ந்திட்டம்.”

நான் திரும்ப வாங்கி வாசித்தேன். உண்மைதான். நான் போட்ட ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் அவர்களுக்கு ஓர் ஆறுதலிடமாகிவிட்டது. அந்த இரவில் இருந்து ஆறுவதற்கு இடம் இருக்கவில்லை. சனத்தின் நெரிசலில் அடி அடியாக நகர்ந்தார்கள். அவளுடைய எச்சங்களும் அப்படித்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, முடிவின்றி நகர்ந்தன. வினைமுற்று பாலத்துக்கு அப்பால்தான் கிடைக்கிறது. அது கிடைத்ததும் கிழவர் இரண்டே சொல்லில் இருந்துவிடுகிறார். ‘களைப்பு மிகுதியால்’ என்று நான் விளக்கவேண்டிய தேவை அங்கே எங்கே இருந்தது?

அவளுக்குத் தொடர் வாக்கியத்தின் வரைவிலக்கணம் தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு முன்னாலேயே என் சிவப்புக் கோடுகளை வெட்டினேன். ‘பிடித்துக்கொண்டு’ என்பதில் ஒரு ‘க்’ விடுபட்டிருந்தது. அதை மட்டும் போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.