விடுமுறை நாளும் மகிழுந்து விற்பனையும்

மலேசியாவில் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி போன்ற பண்டிகைகள் நெருங்கும்போது மகிழுந்து விற்பனை நிலையங்களில் கூட்டம் பெருகுகிறது. வார இறுதியோடு பொது விடுமுறையும் சேர்ந்துவிட்டால், பேரங்காடிகளின் முகப்பிலும் புதிய வாகனங்கள் அணிவகுத்து நிற்கும். அந்நாள்களில் மக்கள் மகிழுந்து வாங்க விரைவது ஏன்?

முதற்காரணம், ஓய்வு நேரம். மகிழுந்து வாங்குவது பெரும்பாலும் குடும்பமே கூடி எடுக்கும் முடிவாகும். வேலை நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகச் சென்று, வாகனத்தை ஓட்டிப் பார்த்து, விலையை ஒப்பிடுவது கடினம். விடுமுறை அந்த வாய்ப்பைத் தருகிறது. மேலும், பெருநாளுக்குச் சொந்த ஊர் திரும்புவோர் பலர், நெடும்பயணத்திற்கு முன்பே புதிய வாகனத்தைப் பெற விரும்புகின்றனர்.

மற்றொரு காரணம் விற்பனையாளர் தரப்பில் உள்ளது. அவர்கள் குறிப்பிட்ட காலத்திற்குள் விற்பனை இலக்கை எட்ட வேண்டும். எனவே, மக்கள் திரளும் நாள்களில் விலைக்கழிவும் அன்பளிப்பும் வழங்குகின்றனர். ஆண்டிறுதி விடுமுறையில் இக்கழிவு மேலும் கூடலாம். புத்தாண்டு பிறந்ததும், கையிருப்பில் உள்ள வாகனம் ‘சென்ற ஆண்டுத் தயாரிப்பு’ ஆகிவிடும். அதற்குள் அதனை விற்றுவிடவே நிறுவனங்கள் முயல்கின்றன. ஆனால், பின்னாளில் வாங்கியவர் அதனை மறுவிற்பனை செய்யும்போதும் தயாரிப்பு ஆண்டு பார்க்கப்படும் என்பதை மறக்கலாகாது.

விலைக்கழிவைவிட, கடனைத் திருப்பிச் செலுத்தும் காலமே செலவைப் பெரிதும் தீர்மானிக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, ஒருவர் 45,000 ரிங்கிட் கடன் வாங்குவதாகக் கொள்வோம். எஞ்சிய கடன்தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கணக்கிடப்படுகிறது. கடனை 5 ஆண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை ஏறக்குறைய 849 ரிங்கிட். மொத்த வட்டி ஏறக்குறைய 5,950 ரிங்கிட். அதே கடனை 9 ஆண்டுகளுக்கு நீட்டித்தால், மாதத் தவணை 518 ரிங்கிட்டாகக் குறையும். மொத்த வட்டியோ 10,970 ரிங்கிட்டாக உயரும். விடுமுறைச் சலுகையாக 2,000 ரிங்கிட் கிடைத்தாலும், நீண்ட காலக் கடனால் அதைவிட இரு மடங்குக்கும் மேலான தொகை கூடுதல் வட்டியாகச் சென்றுவிடுகிறது. குறைந்த தவணை எல்லா வேளையிலும் குறைந்த செலவாகாது.

இதனுடன் காப்புறுதி, சாலைவரி, எரிபொருள், பராமரிப்பு ஆகிய செலவுகளும் உண்டு. ஆகவே, மாதந்தோறும் எவ்வளவு செலுத்த இயலும், எத்தனை ஆண்டுகளில் கடனை அடைக்கலாம் என்பதை வீட்டிலேயே கணக்கிட்டு, அதன்பின் விற்பனை நிலையத்திற்குச் செல்வது நலம். ‘இச்சலுகை இன்று மட்டுமே’ என்ற அறிவிப்பைக் கண்டு அவசரப்பட்டுக் கையொப்பமிடுவது முறையன்று. சலுகை சில நாள்களில் முடிந்துவிடும். தவணையோ பல ஆண்டுகள் தொடரும்.