வில்லிங்டன் பிரபுவும் அவர் வம்சமும்

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று துரைமார் பெயரிலேயே விலாசம் எழுதுகிற நம் தங்கவயல் பிள்ளைகளுக்கு, ஒரு துரையின் குடும்பக் கதையைச் சொல்லலாம்.

ஃப்ரீமன் தாமஸ் 1866இல் பிறந்தவர். பிராஸி பிரபுவின் மகள் மேரியை 1892இல் மணந்தார். 1900இல் லிபரல் கட்சி சார்பில் பார்லிமெண்டுக்குப் போனார். 1910இல் வில்லிங்டன் பிரபு ஆனார். 1919 முதல் 1924 வரை சென்னை கவர்னர். 1931 முதல் 1936 வரை வைஸ்ராய். பட்டம் மார்க்வெஸ் வரை உயர்ந்தது.

வம்சமோ தழைக்கவில்லை. மூத்த மகன் ஜெரார்டு 1914இலேயே போரில் மாண்டார். 1941இல் தந்தை காலமானதும் இளைய மகன் இனிகோ பட்டத்துக்கு வந்தார். அவருக்குப் பிள்ளையில்லை. 1979இல் அவரோடு பட்டமும் முடிந்துபோச்சு.

அம்மையார் பெயரில் திருவல்லிக்கேணியில் அமைந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மட்டும் இன்றும் நடக்கிறது. 2001இல் சுரங்கம் மூடிய நம் ஊரும், பிள்ளைகளுக்குப் படிப்பைத்தான் சொத்தாக வைக்கணும்.