ஒரு பொட்டலம்... எழுபது பயணம்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்ததும் கன்னத்தில் ஒரு பொட்டலத்தை அதக்கிக்கொள்கிற ஆசாமியா நீங்கள்? வாங்க, கொஞ்சம் கணக்குப் போடலாம்.

குட்காவுக்குத் தமிழ்நாட்டில் முதலில் தடை வந்தது 2001-ல். பொட்டலம் மட்டும் இன்னும் யார் சட்டைப் பையிலாவது இருக்கத்தான் செய்கிறது!

வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றினால் கரண்ட் வைப்பது மட்டுமே 30, 35 தடவை. வாரத்துக்கு 5 நாள், ஏழு வாரம். அம்பத்தூரிலிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போக வர எழுபது பயணம்! கூட வருகிற மனைவிக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட் இல்லை. சரி, அவருடைய ஏழு வாரச் சம்பளம்?

கதிர்வீச்சோடு 'சிஸ்பிளாட்டின்' ஊசியும் உண்டு. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே உயிர் போகும். சிலருக்கு மூக்கு வழியே குழாய், கஞ்சியும் அதில்தான்.

"முதலமைச்சர் காப்பீடு இருக்கே, ஸார்?"

இருக்கிறது. அது ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கொள்ளும். வீட்டு வாடகையைப் பார்க்காதே! சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? இரண்டு வருஷ சர்வீஸ் இருந்தால், புற்றுநோய்க்கு இரண்டு வருஷம் வரை 80 சதவிகிதச் சம்பளம் கேட்டு வாங்கலாம். பலருக்கு இது தெரியாது.

ஒரு நல்ல சேதி. விலை எகிறும் 'நிவோலுமாப்' மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மலிவான மாத்திரைகளோடு மும்பை டாடா மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: முற்றிய நோயாளிகளில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் என்றால் 16 சதவிகிதம், இந்த மருந்தும் சேர்ந்தபோது 43!

வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? மானேஜரிடம் வாயைத் திறக்காவிட்டால் பரவாயில்லை. டாக்டரிடம் திறந்துவிடுங்கள்!