நகரின் நடுவே மலிவாக ஒரு ஃபிளாட்: விலைக் குறைவின் காரணத்தைக் கண்டறிவது எப்படி

சென்னையின் மையப் பகுதிகளான தியாகராய நகர், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, எழும்பூர் போன்ற இடங்களில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற ஃபிளாட் பெரும்பாலும் மறுவிற்பனைக்கு வரும் பழைய வீடாகவே இருக்கும். இல்லையென்றால், ஒன்றிரண்டு கிரவுண்டு நிலத்தில் சிறிய பில்டர் ஒருவர் கட்டும் ஏழெட்டு வீடுகளில் ஒன்றாக இருக்கும். நில விலை இவ்வளவு ஏறிய இடத்தில் ஒரு வீடு மட்டும் அக்கம்பக்கத்தைவிட மலிவாக வந்தால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. லிஃப்ட் இல்லை, கார் நிறுத்த இடமில்லை, கட்டடத்துக்கு நாற்பது வயது என்பவை பொறுத்துக்கொள்ளக்கூடிய காரணங்கள். நிலம் விற்பவருடையது அல்ல, அந்த மாடிக்கு அனுமதியே இல்லை என்பவை விட்டு விலக வேண்டிய காரணங்கள். இரண்டில் எது என்பது அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிந்துவிட வேண்டும்.

ஃபிளாட் வாங்குபவருக்குக் கிடைப்பது சுவர்களும் தளமும் மட்டுமல்ல. கட்டடம் நிற்கும் நிலத்தில் பிரிபடாத பங்கும், அதாவது யூடிஎஸ்ஸும், அவருக்கு வருகிறது. கட்டடம் தேயும், நிலம் தேயாது என்பதால் மையப்பகுதி ஃபிளாட்டின் உண்மையான மதிப்பு இந்தப் பங்கில்தான் இருக்கிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு, அதாவது நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5 ஆக இருந்த காலத்தில் அதில் 3,600 சதுர அடி கட்டலாம். 800 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 533 சதுர அடி நிலப்பங்கு வரும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குப் பிறகு குறியீடு 2 ஆனது. அதே நிலத்தில் 4,800 சதுர அடி கட்டலாம் என்பதால், அதே அளவு வீட்டின் பங்கு 400 சதுர அடிக்கு இறங்கிவிடுகிறது. பழைய ஃபிளாட்டைக் கழித்துக்கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. எல்லா ஃபிளாட்டுகளின் பத்திரங்களிலும் எழுதப்பட்ட பங்குகளைக் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தாண்டினால் யாரோ ஒருவருக்கு இல்லாத நிலம் விற்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது உரிமை. பத்திரம் பதிவானதும் சொத்து தனதாகிவிட்டதாகப் பலரும் நம்புகிறார்கள். சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்கிறாரே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டு என்று உறுதி தருவதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்று தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025-இல் இதையே தெளிவாகச் சொன்னது: உரிமையைத் தீர்மானிப்பது சார்பதிவாளரின் அதிகாரத்தில் இல்லை. ஆகவே தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை கண்ணி விடாமல் வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. குறைந்தது முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். பதிவுக்கு வராத அடமானம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு போன்றவை அதில் தெரியாமல் போகலாம். மூலப்பத்திரங்களின் ஒரிஜினலை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று வழக்கறிஞர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். "ஒரிஜினல் தொலைந்துவிட்டது, நகல்தான் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், அந்த ஒரிஜினல் ஏதோ ஒரு கடன்காரரின் பெட்டியில் இருக்கலாம் என்றுதான் முதலில் எண்ண வேண்டும். காவல்துறைச் சான்றும் நாளிதழ் அறிவிப்பும் இல்லாமல் மேலே நகரக்கூடாது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற கோயில் சார்ந்த ஊர்ப்பகுதிகளில் இன்னொரு கேள்வியும் உண்டு: அடிமனை யாருடையது? நிலம் கோயிலுக்குச் சொந்தமாக இருந்து, மேலே உள்ள கட்டடம் மட்டும் தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கும். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. அத்தகைய வீட்டில் யூடிஎஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்குபவர் கோயிலுக்கு மனை வாடகை கட்டும் நிலைக்குத்தான் வருவார். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும் விற்பவரிடம் வாரியம் எழுதித் தந்த கிரயப் பத்திரம் இருக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் காட்டுபவருக்கு இன்னும் முழு உரிமை வந்திருக்காது.

பழைய குடும்பச் சொத்தை இடித்துக் கட்டிய ஃபிளாட்டுகளில் வாரிசுச் சிக்கல் அதிகம். பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கு விடுதலைப் பத்திரம் மூலம் முறையாக விடப்பட்டதா என்பது பல வழக்குகளின் வேர். மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயதான பின் மூன்று ஆண்டுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். பவர் பத்திரத்தின் பேரில் ஒருவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்பதைக் கொடுத்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரயப் பத்திரம் இல்லாமல் பவரும் ஒப்பந்தமும் மட்டும் கைமாறினால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

மலிவு விலையில் மிக அதிகம் பேர் ஏமாறுவது அனுமதியில்லாத மாடியில்தான். தரைத்தளமும் இரண்டு மாடிகளும் வரைபடத்தில் இருக்கும். மொட்டை மாடியில் எழுப்பிய மூன்றாவது மாடி, அனுமதியில்லாமலே ஃபிளாட்டாக மாறியிருக்கும். அதற்கும் மின் இணைப்பு இருக்கும், சொத்துவரி ரசீதும் இருக்கும். இவை எதுவும் கட்டட அனுமதி ஆகாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அல்லது மாநகராட்சி முத்திரையிட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று மாடிகளை எண்ண வேண்டும். பிறகு உள்ளே போய் வீடுகளின் எண்ணிக்கை, பக்கவாட்டு இடைவெளி, கார் நிறுத்தமாகக் காட்டப்பட்ட இடத்தில் கடையோ அறையோ முளைத்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். விதிமீறலுக்காகக் கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட 1971-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது. 2011 அக்டோபரில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கடைகள் அப்படி மூடப்பட்டன. "வரன்முறைப்படுத்த விண்ணப்பித்திருக்கிறோம்" என்று காட்டும் ரசீது அனுமதி அல்ல. கட்டி முடிப்புச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட வீட்டை நாளை விற்கப் போனாலும் கடன் பெற்று வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

கட்டடத்தின் உடல்நிலையைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பது உத்தமம். கடற்காற்று அடிக்கும் ஊரில் கம்பி துருப்பிடிப்பது வழக்கம். சன்ஷேடின் அடிப்பகுதியில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தால், புதிதாக அடித்த பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தட்டிப் பார்க்க வேண்டும். கட்டடம் இன்னும் சில ஆண்டில் இடிபடுமா என்பதும் விலையைத் தீர்மானிக்கும். 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி தருகிறது. ஒருவர் மட்டும் மறுத்து எல்லாரையும் நிறுத்திவைத்த நிலை இதனால் மாறியிருக்கிறது. வாங்குபவர் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால் இந்தப் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும், வீட்டின் மீது பராமரிப்பு பாக்கி இருக்கிறதா என்பதும் தெரியும்.

புதிய ஃபிளாட்டுக்குப் பாதுகாப்பு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்கும், எட்டுக்கு மேற்படாத வீடுகள் கொண்ட திட்டத்துக்கும் அதில் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. மையப்பகுதியின் சிறு திட்டங்கள் பல இந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகின்றன. நடுத்தர மக்கள் அதிகம் வாங்கும் வீட்டுக்கே காவல் குறைவாக இருப்பது சட்டத்தின் பெரிய குறை. பதிவான திட்டத்தில் பாதுகாப்புகள் பல: பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, வசூலித்த பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வீட்டின் அளவைச் சூப்பர் பில்டப் என்று ஊதிச் சொல்லாமல், உள்ளே புழங்கும் பரப்பான கார்ப்பெட் ஏரியாவாகச் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, முழுத் தொகையும் வங்கி வழியாகப் போவதே பாதுகாப்பு. சொத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியம், நாளை வழக்கென்று வந்தால் பத்திரத்தில் இல்லாத பணம் கொடுக்காத பணமாகிவிடும். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது 2012 முதல் கட்டாயம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பில்டரிடமிருந்து முதல்முறை வாங்கும் ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை தீர்வை 4 சதவீதமும், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதமுமாகக் குறைந்தது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்கான தொகையில் 1 சதவீதம் வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் கடமை.

தவறு நடந்துவிட்டால் போக வேண்டிய இடம், விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. ரெராவில் பதிவான திட்டம் என்றால், வீடு தாமதமானால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். காத்திருக்க விரும்பினால் தாமதத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். நிலத்தின் உரிமையில் குறை இருந்து நட்டம் வந்தால் அதற்கு இழப்பீடு கேட்கக் காலவரம்பே கிடையாது. ரெராவுக்கு வெளியே உள்ள பில்டர் மீது நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம்.

தனி நபரிடம் வாங்கிய பழைய வீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. ஒப்பந்தம் போட்டுவிட்டு விற்க மறுப்பவர் மீது மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். மாற்றாக அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவும் அதே வழக்கில் இடமுண்டு. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் மாநகரக் காவல்துறையின் மத்திய குற்றப்பிரிவில் புகார் தர வேண்டும். வழக்கு நடத்த வசதியில்லாதவர்களும், வருமான வரம்பு எதுவுமின்றிப் பெண்களும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம்.

ரெரா உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பில்டர் போவதென்றால் வாங்குபவருக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் வட்டியோடு முதலில் கட்டியாக வேண்டும். அவர் மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அந்தத் தொகையை நில வருவாய் பாக்கியைப் போல ஆட்சியர் மூலம் வசூலிக்கக் கேட்டு ரெராவிலேயே மீண்டும் மனு போடலாம்.