குழி பாதி, மண் எட்டில் ஒன்று

ஆந்திரத்தின் பங்காருபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "50 சென்டில் மாங்கன்று வைக்கப் போகிறோம். எரு, உரம் எவ்வளவு வாங்குவது? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்." தோத்தாபுரி மாம்பழத்தை நம்பி வாழும் வட்டாரம் அது. கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் கன்று. பத்து மீட்டர் இடைவெளி என்றால் மரத்துக்கு 100 சதுர மீட்டர். 50 சென்ட் ஏறக்குறைய 2,023 சதுர மீட்டர். ஆக, 20 கன்று. இடைவெளியை ஐந்து மீட்டராக்கினால் 40 அல்ல, 80 கன்று வேண்டும்.

குழியில்தான் எனக்குப் பிடித்த விந்தை இருக்கிறது. மாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் வெட்டுவது வழக்கம். 20 குழிக்கு 20 கன மீட்டர். கூலி மிச்சமாகட்டும் என்று அரை மீட்டரில் வெட்டுகிறவர், பாதிக் குழி வெட்டியதாகவே நினைக்கிறார். வெட்டியது எட்டில் ஒரு பங்குதான்! எங்கள் வீட்டு அண்டாவை, அதே வடிவத்தில் பாதி அகலமும் பாதி உயரமும் உள்ள பாத்திரத்தால் நிரப்ப எட்டு முறை ஊற்ற வேண்டும், அதே கணக்கு. சரிபாதிக் குழிக்கு ஒவ்வொரு பக்கமும் 79 சென்டிமீட்டர் வேண்டும்.

வெட்டிய மேல்மண்ணையே எருவோடு கலந்து குழியில் போடலாம். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் என்று வைத்தால், 20 பெரிய குழிக்கு 5 கன மீட்டர் எரு. அரை மீட்டர்க் குழிகளுக்கு 0.625 கன மீட்டர் போதும். ஆனால் பல தலைமுறை நிற்கப்போகிற மரத்தின் வேருக்கு இடம் கொடுப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சிக்கனம் யூரியாவில் இருக்கட்டும். அதில் தழைச்சத்து 46 சதவீதம். கன்றுக்கு 100 கிராம் தழைச்சத்து என்று பரிந்துரைத்தால் 217 கிராம் யூரியா. 20 கன்றுக்கும் சேர்த்து 4.3 கிலோ. 45 கிலோ மூட்டையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூட்டையைப் பிரித்தாகிவிட்டதே என்று மீதியையும் இறைப்பவர்கள் உண்டு. மிகுந்த தழைச்சத்தால் இளந்தளிர் பெருகிப் பூச்சிகளுக்கு விருந்தாகும். மண் பிடித்து வைக்காதது நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்கும்.

2025-ல் விலை சரிந்தபோது தோத்தாபுரிக்குக் கிலோ 12 ரூபாய் கிடைக்கச் செய்ய, மாம்பழக்கூழ் ஆலைகள் 8 ரூபாயும் ஆந்திர அரசு 4 ரூபாயும் தர வேண்டியிருந்தது. விற்கும் விலை நம் கையில் இல்லை. வாங்கும் அளவு இருக்கிறது. கடைக்குப் போகுமுன் எத்தனை கன்று, ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். ஏழாம் வகுப்பு விகிதக் கணக்குத்தான். வீட்டுப் பிள்ளைகளிடமே கொடுங்கள். படிப்பு எதற்கு உதவும் என்பதை அவர்களும் அறியட்டும்.