நீர்மூழ்கி மோட்டாருக்குக் கேபிளை நீட்டும்போது...

கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரை இன்னும் 100 அடி கீழே இறக்குவது கோவை, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வழக்கம். குழாயைக் கணக்குப் பார்த்து வாங்கும் விவசாயிகள் பலர், கேபிளுக்கு மட்டும் கையில் கிடைத்த துண்டை ஒட்டுப் போட்டுவிடுகிறார்கள். மோட்டார் காயில் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். பயிர் வாடும் நேரத்தில் மோட்டாரை மேலே எடுத்து, ரீவைண்டிங் செய்து, மறுபடி இறக்கும் செலவைப் பார்த்தால், கேபிளில் மிச்சம் பிடித்த பணம் ஒன்றுமே இல்லை.

கேபிள் நீள நீள, வழியிலேயே வோல்டேஜ் குறையும். நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். கம்பியின் பருமன் இரட்டித்தால் இழப்பு பாதியாகும். வோல்டேஜ் குறைந்தால், ஓடும் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பல மடங்கு கரண்ட் இழுப்பதால், அப்போது இழப்பு மேலும் கூடும்.

எந்த அளவு?

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் சுமார் 8 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். கிணற்றுக்குள் 400 அடி, அங்கிருந்து ஸ்டார்ட்டர் பெட்டிக்கு 250 அடி, ஆக ஏறத்தாழ 200 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் சுமார் 29 வோல்ட் இழப்பாகும். 2.5 சதுர மி.மீ. கேபிளில் 18 வோல்ட். 4 சதுர மி.மீ. கேபிளில் 11 வோல்ட். இழப்பு 415 வோல்ட்டில் 3 சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. எனவே இந்தத் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஏற்றது. லைனிலேயே வோல்டேஜ் குறைவாக வரும் இடங்களில் இது இன்னும் முக்கியம்.

கூடுதல் துண்டின் நீளத்தை மட்டும் பார்க்கக் கூடாது; ஸ்டார்ட்டர் முதல் மோட்டார் வரை மொத்த நீளத்தையும் கணக்கிட வேண்டும். பழைய கேபிளைவிடப் பருமனான துண்டைச் சேர்க்கலாம். மெல்லியதைச் சேர்க்கக் கூடாது. அலுமினியத்துக்குச் செம்பைவிட சுமார் 1.6 மடங்கு மின்தடை உண்டு. ஆகவே அதே அளவு அலுமினியம் ஈடாகாது. கிணற்றுக்குள் விட, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மூன்று கோர் தட்டைக் கேபிளையே வாங்க வேண்டும்.

ஒட்டுப் போடும் முறை

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ்களைக் கழற்றிவிட வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலக் கம்பிகளை அதே நிறத்துடன் இணைக்க வேண்டும். இரண்டு கம்பிகள் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி, தண்ணீர் குறைவாக வரும். மூன்று ஒட்டுகளும் ஒரே இடத்தில் அமையாமல் முன்பின்னாக இருக்கட்டும். கம்பியை நன்றாகச் சுரண்டி, முறுக்கி, ஈயப் பற்று வைத்து, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப் சுற்ற வேண்டும்.

இறக்குவதற்கு முன், ஒட்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, எலக்ட்ரீசியனைக் கொண்டு மெக்கர் கருவியால் கசிவு பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே வாளியில் கண்டுபிடிக்கும் குறையைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். 400 அடிக்குக் கீழே போன பிறகு அதே குறைக்கு மோட்டாரையே மேலே தூக்க வேண்டியிருக்கும்.