லேபர் வார்டில் பிளேடுக்கு என்ன வேலை?

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆஸ்பத்திரிப் பை தயாராகிவிடும். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணி, முன்பக்கம் திறக்கிற நைட்டி, பிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைல். அம்மாவும் மாமியாரும் போட்டி போட்டுக்கொண்டு பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் சேராத கவலை ஒன்று பிள்ளைத்தாச்சியின் மனசுக்குள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். 'குனிந்து பார்க்கவே முடியவில்லை. அந்த இடத்து முடியை எடுத்து மாசக்கணக்காகிறது. டாக்டர் பார்த்தால் என்ன நினைப்பார்? சிஸ்டர்கள் முகம் சுளிப்பார்களோ?'

வலி எப்படி இருக்கும் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்பவர்கள் இதை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் போனில், குரலைத் தாழ்த்தி, ஏற்கெனவே பிள்ளை பெற்ற ஒருத்தியிடம்தான். என் சித்தி மகள் என்னிடம் அப்படிக் கேட்டாள். "அக்கா, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. நானே ஷேவ் பண்ணிட்டுப் போகணுமா, இல்ல அங்க அவங்களே பண்ணிடுவாங்களா?" எடுத்தே ஆகவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யார் கையால் என்பதுதான் கேள்வி.

போன் செய்வதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்து முடிந்திருந்தது. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பக்கெட்டில் சாய்த்து வைத்து, கணவரின் ரேசரை எடுத்திருக்கிறாள். வயிறு மறைக்கிறது. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறது. கை ஒரு பக்கம் போக நினைக்க, பிளேடு மறுபக்கம் போகிறது. இரண்டு இடத்தில் கீறி, டெட்டால் வைத்து, எரிச்சல் தாங்காமல் அழுது, பாதியில் விட்டுவிட்டாள். எனக்குக் கீறலைவிடப் பெரிய பயம் அந்த ஈரத் தரைதான். நிறைமாத வயிற்றோடு வழுக்கி விழுந்திருந்தால்?

இந்தக் கூச்சத்துக்கு விளம்பரங்களையும் சினிமாவையும் குற்றம் சொல்வது சுலபம். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பிரசவத்தைப் பொறுத்தவரை முடியை அசுத்தம் என்று முதலில் நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரிதான் என்பது என் எண்ணம். போன தலைமுறை அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். லேபர் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் எனிமா, அடுத்தது பிளேடு. 'பிரிப்பரேஷன்' என்று பெயர். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில், நுரைகூட இல்லாமல், சாவ்லானில் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு, உடனே சரசரவென்று சவரம். மேல்துணி இல்லாமல், கதவு திறந்து மூடுகிற அறையில். "இதெல்லாம் வீட்டுல எடுத்துட்டு வரமாட்டியா?" என்று ஓர் அதட்டல் வேறு. முப்பது வருஷத்துக்கு முன் பெற்ற வலியை மறந்துவிட்ட என் பெரியம்மாவுக்கு அந்த அதட்டல் மறக்கவில்லை. மருமகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் காதோடு சொன்ன புத்திமதியும் அதுதான்: "எல்லாம் சுத்தமா எடுத்துட்டுப் போயிடும்மா, பேச்சு வாங்காத."

இத்தனை அமர்க்களத்துக்கும் மருத்துவக் காரணம் என்ன? ஒரு காலத்தில் நியாயமாகத் தோன்றிய காரணம்தான். பிரசவக் காய்ச்சல் ஆயிரக்கணக்கான தாய்மார்களை வாரிக்கொண்டு போன நூற்றாண்டு அது. வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் 1847-ல், டாக்டர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவினாலே சாவு குறைகிறது என்று காட்டினார். பிறகு கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்தது, பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தது. முடியில் கிருமி தங்கும், குழந்தை வருகிற வழியில் அது இருக்கக் கூடாது, தையல் போடவும் இடைஞ்சல் என்று சவரமும் விதிகளில் ஒன்றானது. கழுவ வேண்டியது டாக்டரின் கையை என்பதில் ஆரம்பித்த கதை, பெண்ணின் உடம்பைச் சுரண்டுவதில் வந்து நின்றது.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்த்தவர்களும் அப்போதே இருந்தார்கள். 1922-லேயே அமெரிக்காவில் ஜான்ஸ்டன், சிடால் என்ற இருவர் 389 பெண்களை ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சவரம் செய்தும் மறுபாதிக்குச் செய்யாமலும் பார்த்தார்கள். காய்ச்சலில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1965-ல் 150 பெண்கள், 2005-ல் தாய்லாந்தில் 500 பெண்கள் என்று மேலும் இரண்டு ஆய்வுகள். மூன்றையும் சேர்த்து 1,039 பேரின் கணக்கை காக்ரேன் ஆய்வுக் குழு அலசியது. பிரசவத்துக்கு வருகிற எல்லோருக்கும் சவரம் செய்ய ஆதாரம் எதுவும் இல்லை என்பதே முடிவு. கிடைத்ததெல்லாம் எரிச்சல், சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள், முடி திரும்ப முளைக்கும்போது அரிப்பு. பிரிட்டனில் எம்.எல். ராம்னி என்பவர் 1980-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, இது நியாயமில்லாத தாக்குதல் இல்லையா என்று கேட்டுவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே சுகப்பிரசவப் பராமரிப்புக்கான கையேட்டில், வழக்கமான சவரத்தையும் எனிமாவையும் 'தீங்கானவை அல்லது பயனற்றவை, கைவிட வேண்டியவை' என்ற வரிசையில் வைத்தது. 2015-லும் 2018-லும் அதையே திரும்பச் சொன்னது. நம் நாட்டில் 2017 டிசம்பரில் அரசு ஆஸ்பத்திரிகளின் பிரசவ அறைகளைச் சீர்படுத்த மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் வழக்கமான சவரம் வேண்டாம் என்றே சொல்கிறது. ஆக, விதி மாறி வெகுகாலம் ஆயிற்று. பிளேடுதான் இன்னும் பல இடங்களில் மாறவில்லை. 'முன்னே இருந்தே இப்படித்தான் செய்கிறோம்' என்பதைவிடப் பெரிய காரணம் யாரிடமும் இல்லை.

சவரத்தின் கொடுமை அன்றைக்குத் தெரியாது. பத்து நாள் கழித்துத்தான் தெரியும். முடி முள்முள்ளாக முளைக்கும். கீழே தையல். உதிரப்போக்குக்கு வைத்த நாப்கின் உரசும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டும். அரிக்கிறது என்று யாரிடம் சொல்ல முடியும், எப்படிச் சொறிய முடியும்? 'தையல் பிரிஞ்சிடுச்சோ' என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, முளைக்கிற முடிதான் காரணம் என்று தெரிந்து திரும்பியவர்கள் உண்டு. முடியை அப்படியே விட்டிருந்தால் உதிரம் ஒட்டுமே என்பார்கள். ஒட்டும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நாப்கினை அடிக்கடி மாற்றினால் போகிற விஷயம் அது.

"எனக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாங்களே, அதுக்கு எடுக்கணும் இல்ல?" என்பது அடுத்த கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதனால் இது ஏறக்குறைய பாதிப்பேரின் கேள்வி. சிசேரியனுக்கு அடிவயிற்றில் முடி தொடங்குகிற இடத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் கீறுகிறார்கள். அந்த மேல்பகுதி முடி வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் எடுப்பார்கள். கீழே முழுக்க மழிக்க அவசியம் இல்லை. எடுப்பதும் பிளேடால் கூடாது, தேவைப்பட்டால் கிளிப்பரால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 அறுவைசிகிச்சை வழிகாட்டுதல் கண்டிப்பாகச் சொல்கிறது. பிளேடு தோலில் நுண்ணிய கீறல்களைப் போட்டுவிடும். முந்தின ராத்திரியே மழித்துவிட்டால், விடிவதற்குள் அந்தக் கீறல்களில் கிருமி குடியேறிப் பெருகியிருக்கும். 1971-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பிளேடால் மழித்தவர்களுக்கு அறுவைசிகிச்சைப் புண்ணில் சீழ் பிடித்தது 5.6 சதவீதம். முடியை எடுக்காதவர்களிலும் கிரீம் போட்டு எடுத்தவர்களிலும் 0.6 சதவீதம்தான். சுத்தத்துக்காகச் செய்கிற காரியம் தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

கீழே மட்டுமா முடி? அடிவயிற்றின் நடுவில் ஓடுகிற கறுப்புக் கோட்டை ஒட்டிப் பூனைமுடி, மார்க்காம்பைச் சுற்றி ஒன்றிரண்டு, மேலுதட்டில் நிழல். 'எனக்கு மட்டும் ஏன் ஆம்பளை மாதிரி' என்று ஸ்கேன் அறையில் நைட்டியைத் தூக்கக் கூசுகிறவர்கள் பலர். கர்ப்ப காலத்து ஹார்மோன்களால் முடி வளர்கிற பருவம் நீண்டுபோகிறது, உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்கிறது. தலையில் கூந்தல் அடர்த்தியாக இருக்கிறது என்று எல்லோரும் மெச்சுகிறார்களே, அதே வேலைதான் வயிற்றிலும் நடக்கிறது. புதிதாக வந்த முடியில் பெரும்பகுதி குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது என்ற வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. தாடியும் மீசையுமாக அவர் ஆபீஸ் போய்வரலாம். 'பொண்டாட்டி மாசமா இருக்கா' என்று ஊரே மரியாதையாகப் பார்க்கும். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவள் மட்டும் ஒரு முடிகூட இல்லாமல் வழித்துக்கொண்டு போக வேண்டும்!

சரி, டாக்டர்கள் என்னதான் பார்க்கிறார்கள்? எனக்குத் தெரிந்த மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் நேராகவே கேட்டேன். "கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கு, பனிக்குடத் தண்ணி என்ன கலர், குழந்தையோட துடிப்பு எப்படி இருக்கு... இதுக்கு நடுவுல அதையெல்லாம் யார் கவனிக்கிறா? சாயங்காலம் கேட்டா எந்தப் பேஷன்ட்டுக்கு இருந்துச்சு, யாருக்கு இல்லைன்னே எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார். லேபர் டேபிளைச் சுற்றி நிற்கிறவர்கள் முடிக்காகக் காத்திருப்பது உண்மைதான். ஆனால் அது குழந்தையின் தலைமுடி. "முடி தெரியுதும்மா, இன்னும் ஒரு முக்கு!" என்று சிஸ்டர் கத்துவது அதைப் பார்த்துத்தான்.

இத்தனைக்குப் பிறகும் 'எனக்கு எடுத்தால்தான் நிம்மதி' என்று தோன்றுகிறவர்கள் இருப்பார்கள். தாராளமாக எடுக்கலாம். மழிக்கிறவள் அடிமை, விடுகிறவள் புரட்சிக்காரி என்றெல்லாம் பேச நான் தயாரில்லை. மழிப்பதைவிடக் குட்டையாக வெட்டிவிடுவது நல்லது. பாதுகாப்பு மூடி போட்ட டிரிம்மர் போதும். தரை காய்ந்திருக்கட்டும், உட்கார்ந்தபடி செய்யுங்கள், கணவரோ அக்காவோ உதவினால் இன்னும் நல்லது. முடி எடுக்கும் கிரீமை உள்பக்க மென்தோலில் படவிடக் கூடாது. இதுவரை வாக்ஸிங் செய்து பழக்கமில்லாதவர்கள் ஒன்பதாம் மாதத்தில் அதை ஆரம்பிக்க வேண்டாம். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் வலி அதிகம். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் அதற்கு முந்தைய நாட்களில் பிளேடைத் தொடவே கூடாது. கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்கள் சின்னக் கீறலையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

சித்தி மகளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த செக்கப்பிலேயே கேட்டுவிடச் சொன்னேன். வலி வந்த பிறகு வாக்குவாதம் செய்ய யாருக்கும் தெம்பு இருக்காது. அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனாள்: இங்கே ஷேவ் செய்வீர்களா, கட்டாயமா, வேண்டாம் என்றால் விடுவீர்களா? டாக்டர் படித்துவிட்டு, "நாங்க அதை விட்டு ரொம்ப நாளாச்சும்மா. உங்களுக்குக் குடுத்த வார்டு லிஸ்டுல இன்னும் ரேசர்னு போட்டிருக்கா?" என்று கேட்டிருக்கிறார். போட்டிருந்தது. லிஸ்ட் எழுதுகிற சிஸ்டரைக் கூப்பிட்டு அந்த வரியை அப்போதே அடிக்கச் சொன்னாராம்.